கழுவாத கத்தி

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தனகோட்டி அண்ணனின் கொப்பரையில் பதம் மட்டும் வரவில்லை.

சாறு கொதித்தது, பொங்கியது, சுண்டியது. சுண்டச் சுண்டக் கெட்டிப்பட வேண்டிய பாகு பச்சையாக நுரை கட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தார். உருண்டு திரள வேண்டிய சொட்டு கரைந்து காணாமல் போனது. மறுபடியும் விட்டார். அதுவும் கரைந்தது. துடுப்பைக் கொப்பரை விளிம்பில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாத்தத்த கவனிச்சீங்களா டாக்டரம்மா? வெல்லம் காய்ச்சற எடமா இது? மாட்டுக் கொட்டாயாட்டம் அடிக்குது."

அடிக்கத்தான் செய்தது. கண் எரிந்தது. அது அமோனியா என்று சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, அதனால் சொல்லவில்லை.

நான் பக்கத்திலிருக்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் நோய் பார்ப்பவள். பெயர் அமலோற்பவம். அவ்வளவு நீளமாகக் கூப்பிட பாலந்தாங்கலில் யாருக்கும் பொழுதில்லை, அதனால் டாக்டரம்மா. மாட்டு டாக்டரா, மனுஷ டாக்டரா என்று கேட்பவர்களிடம் கரும்பு டாக்டர் என்பேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. கரும்பில் இல்லாத சர்க்கரை டாக்டரம்மாவிடம் இருக்கிறது என்று ஊரில் ஒரு கிண்டல் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

"அண்ணே, கரும்பு எப்ப இனிக்கும்?" என்றேன்.

"இது என்னா கேள்வி. வெட்டறதுக்கு ஒரு மாசம் முன்னாடி தண்ணிய நிறுத்திட்டா இனிக்கும்."

"தண்ணிய நிறுத்துனா ஏன் இனிக்குது?"

"ஏன்னு யாரு போயி அதைக் கேட்டா?"

"தண்ணியும் உரமும் நின்னுபோனா கரும்பு வளர்றத நிறுத்திடும். வளர்றதுக்குச் செலவு பண்ண வேண்டியத உடம்புல சேத்து வைக்கும். அதுதான் இனிப்பு. கஷ்டம் வரப்போவுதுன்னு தெரிஞ்சாத்தான் அது சேத்து வைக்கும். உங்க கரும்புக்கு இப்பக் கஷ்டமே தெரியல. உள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு வேளாவேளைக்கு ஊட்டிக்கிட்டே இருக்கான். அது எதுக்குச் சேத்து வைக்கணும்?"

அண்ணன் அடுப்பிலிருந்து சக்கையை இழுத்து வெளியே போட்டார். "அப்ப ஊட்டறவன நிறுத்தச் சொல்லுங்க. நீங்கதான டாக்டரு."

அந்த வருஷம் எல்லோரும் என்னிடம் சொன்னது இதைத்தான்.

ஊட்டுகிறவன் ஒரு நுண்ணுயிர். கம்பெனி அதற்கு 'பயிர்த்துணை' என்று பெயர் வைத்தது, ஜனங்கள் 'துணை' ஆக்கிவிட்டார்கள். காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் ஒன்றும் புதிதல்ல. எங்கள் நிலையமே பொட்டலம் பொட்டலமாக விற்றிருக்கிறது, எருவில் கலந்து போட்டால் ஏதோ கொஞ்சம் உதவும். துணை அப்படிப்பட்டதல்ல. அது கரும்பின் உடம்புக்குள்ளேயே குடியிருந்து, ஒரு கைப்பிடி யூரியாகூட வேண்டாம் என்கிற அளவுக்கு ஊட்டியது. அதில் மோசடி எதுவும் இல்லை. நானே சோதித்துப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

ஒரே ஒரு நிபந்தனைதான். வெண்கழி என்கிற ரகத்துக்காக மட்டும் அதைத் தயாரித்திருந்தார்கள். அந்த ரகத்துக்குத் தாகம் எடுத்தால் வேரிலிருந்து ஒரு சுரப்பு வரும், அதைக் கண்டதும் துணை தூங்கிவிடும். ஊட்டல் நிற்கும், கரும்பு இனிக்கும். மற்ற ரகங்களுக்கு அந்தச் சுரப்பு கிடையாது. 'வெண்கழிக்கு மட்டும்' என்று டப்பாவில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. தமிழில்தான் போட்டிருந்தது, எல்லோரும் படித்தார்கள். படித்துவிட்டு, வெண்கழி விதைக் கரணையையும் சேர்த்து விற்கத்தான் இப்படி எழுதுகிறான் என்று முடிவு கட்டினார்கள். டப்பாவில் எழுதியிருப்பதை எல்லாம் நம்பி எவன் விவசாயம் பார்த்திருக்கிறான்?

டப்பாவின் விலை யானை விலை. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்குத் துணை போன வழி வேறு.

கல்வராயன் மலையிலிருந்து தீர்த்தமலை என்கிற கரும்பு வெட்டு மேஸ்திரி வருஷா வருஷம் தன் ஆட்களோடு இறங்கி வருவார். துணை போட்ட வயலை வெட்டி முடித்துவிட்டு, துணை போடாத அடுத்த வயலுக்குப் போனார்கள். அந்த வயலில் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்பு கருகருவென்று கிளம்பியது. விஷயம் கத்தியில் இருக்கிறது, கத்தியில் ஒட்டிய சாற்றில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க விவசாயிகளுக்கு ஒரு போகம்தான் ஆனது. எங்களுக்கு இரண்டு வருஷமும் ஒரு கருத்தரங்கமும் தேவைப்பட்டன.

அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் ஒரே பேச்சு: "மேஸ்திரி, கத்தியக் கழுவாம வாங்க." துணை போட்ட வயலில் வெட்டிய கத்தியை ஈரச்சாக்கில் சுற்றி, பைக்கில் வைத்து, காய்வதற்குள் கொண்டு வருவார்கள். வயல் முனையில் கத்திக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் முதல் வெட்டு. மேஸ்திரிக்குக் கறிச்சோறும் வேட்டியும். பெண் கொடுத்த வீட்டார் சம்பந்தி வயலுக்குக் கழுவாத கத்தி அனுப்புவது ஒரு சீராகவே ஆகிப்போனது. கூட்டத்துக்குக் கூட்டம் நான் எழுந்து, மற்ற ரகத்தில் ஏற்றாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன். கத்தி முடித்ததும் மாலை போட்டு உட்கார வைத்தார்கள்.

அந்த வருஷம் கரும்பு வளர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மின்கம்பியைத் தொட்டுவிடும் என்று மின்வாரியத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உரக்கடைகள் ஈ ஓட்டின. தனகோட்டி அண்ணன் தன் மூன்று ஏக்கருக்கு முன்னால் நின்று மகளுக்கு வீடியோவில் பேசினார். பேசும்போது கரும்புதான் தெரிந்தது, அவர் தெரியவில்லை.

வெட்டி ஆலைக்குக் கொண்டுபோனார்கள். பிழிந்தால் தண்ணீர். ஆலை வாசலில் லாரிகள் திரும்பி நின்றன. அடுத்த வருஷம் வெண்கழியும் இனிக்கவில்லை. வேறு ரகங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகத் தூங்காமல் இருந்த துணை, வெண்கழிக்குத் திரும்பி வந்தபோது தூங்கவே மறந்திருந்தது. வாய்க்கால் தண்ணீரிலும் அது பயணப்படும், ஒரே ராத்திரியில் வேரேறிவிடும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. கத்தி படாத வயலும் தப்பவில்லை. பொங்கலுக்கு ரேஷன் கடையில் ஆளுக்கு ஒரு கரும்பு கொடுத்தார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, கடித்தால் பீர்க்கங்காய். குழந்தைகள் ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டு அதை வைத்துச் சிலம்பம் ஆடின.

சரி, வேறு பயிர் வைக்கலாமே என்று பட்டணத்திலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். வைத்தார்கள். நெல்லுக்கு நடுவே கட்டையிலிருந்து கரும்பு முளைத்து நெல்லை மூடியது. உழுதால் துண்டான கணுக்களெல்லாம் தனித்தனியாக முளைத்தன. எரித்தால் மழைக்கு மறுபடி வந்தது. பசியே தெரியாத பயிரை எதைச் சொல்லிப் பயமுறுத்துவது?

தீர்த்தமலை மேஸ்திரி ஒருநாள் நிலையத்து வாசலில் வந்து நின்றார். நெற்றியில் கட்டு. பின்னால் அவர் மனைவியும் ஆட்களும் தார்ச்சாலை ஓரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"கழுவாம வா, கழுவாம வான்னு வெத்தல பாக்கு வச்சிக் கூப்ட்டவங்கதாம்மா அடிச்சாங்க. நீங்கதான்டா கொண்டாந்து பரப்புனீங்கன்னு."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"அது ஆறிடும். எல்லாக் கத்தியையும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டோம். எங்க கத்தி சுத்தமா இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா நாலு ஊர்ல உள்ள வுடுவாங்க."

"உங்க கத்தி சுத்தம்தான் மேஸ்திரி. வெட்டத்தான் எங்கயும் ஒண்ணும் இல்ல."

"அப்பச் சரி," என்றார் மேஸ்திரி. குடகுக்கு மிளகு பறிக்கப் போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். வாசலிலேயே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கரணைகளை வெந்நீரில் ஊறவைத்தேன். கரும்பு செத்தது, துணை பிழைத்தது. நுண்ணுயிரைத் தின்னும் வைரஸ் ஒன்றைப் பிடித்து வளர்த்து ஏற்றினேன். துணை செத்தது. மூன்றாம் நாள் கரும்பும் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, நாலு நூல் தொங்கியது. தானாகச் சாப்பிடத் தெரியாத பயிராகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மிச்சமிருந்த வழி ஒன்றே ஒன்று. துணை தொடாத பழைய ரகங்களை எங்காவது காப்பாற்றி, கரும்பையே பார்த்திராத மண்ணில் நட்டு, முதலிலிருந்து தொடங்குவது. ஜவ்வாது மலை மேல் இடம் பார்த்திருந்தார்கள். தொடாத ரகங்கள் மூன்று பாத்திகளில் இருந்தன. இரண்டு, துணை நுழைந்து தோற்றுவிட்டன. மூன்றாவது எங்கள் நிலையத்தில், என் பொறுப்பில். பதினொரு ரகம், ரகத்துக்கு ஒரு வரிசை.

"இப்பவே வெட்டி மலைக்கு அனுப்பிட்டா என்ன சார்?" என்று இயக்குநரைப் போனில் கேட்டேன்.

"அனுப்பிட்டு அங்க போய்த் துணை இருக்குன்னு தெரிஞ்சா மலையும் போச்சு அமலோற்பவம். கொஞ்சமா ஒளிஞ்சிருந்தா லேப்ல தெரியாது, உங்களுக்கே தெரியும். காயப் போடுங்க. சாதாரணமா வெட்டுக்குக் காயவிடறதை விட இன்னும் நல்லாக் காயப் போடுங்க. இனிப்பு ஏறுச்சுன்னா உள்ள எவனும் இல்லைன்னு அர்த்தம். திங்கட்கிழமை கடைசி அளவு எடுத்துட்டு அன்னைக்கே வெட்டி அனுப்பிடலாம்."

காயப் போட்டேன். பாத்திக்கு வாய்க்கால் தண்ணீர் கிடையாது, தனிக் கிணறுதான். சுற்றி மின்வேலி. உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்றிக் காலை மருந்தில் நனைக்க வேண்டும். சேட்டு என்ற காவல்காரன் கேட்டருகே உட்கார்ந்திருப்பான். வாரத்துக்கு ஒரு தரம் இனிப்பளக்கும் மானியோடு உள்ளே போவேன். ஒரு சொட்டுச் சாற்றை அதன் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். எண் ஏறியது. அடுத்த வாரம் இன்னும் ஏறியது. கடைசி வெள்ளிக்கிழமை பதினொரு வரிசையிலும் ஏறியிருந்தது. இலை நுனி கருகி, தோகை தொங்கி, பார்க்கப் பாவமாக நின்ற கரும்பின் நடுவே உட்கார்ந்து, ஆள் பார்க்காத தைரியத்தில் கொஞ்சம் அழுதேன். வியாதியை நினைக்காமல் ஒரு துண்டு கடித்தும் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகு காலம் ஆகியிருந்தது.

வெளியே வரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் தனகோட்டி அண்ணன் நின்றிருந்தார். அவர் வயலுக்கும் எங்கள் பாத்திக்கும் நடுவே அந்த வேலியும் ஒரு வரப்பும்தான். அவர் மனைவி, மகளோடு இருக்கப் போய்விட்டார். வெல்ல ஆலையைப் பிரித்து விற்றாயிற்று. அவர் மட்டும் காலையிலும் மாலையிலும் வந்து, அந்தப் பயனற்ற காட்டுக்கு இன்னமும் முறை வைத்துத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கட்டாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

"உள்ள என்னாம்மா வச்சிருக்கீங்க?"

"கரும்புதாண்ணே."

"கரும்புக்கா கரண்டு வேலி?"

"துணை இல்லாத கரும்பு. அதுக்குத்தான் காவல்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பல்ல, என் நிலைமை அவருக்குப் புரிகிறது என்கிற சிரிப்பு. "இல்லாததுக்கு யாராவது காவல் போடுவாங்களாம்மா? இருக்கறதுக்குத்தான போடுவாங்க."

ஊரில் அப்படி ஒரு பேச்சு கிளம்பியிருந்தது எனக்கும் தெரியும். நல்ல துணை ஒன்று இருக்கிறது, நேரத்துக்குத் தூங்குகிற துணை. சர்க்கார் அதைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. உரம் வந்தபோதும் இப்படித்தான், கடன் தள்ளுபடியின்போதும் இப்படித்தான், இல்லை இல்லை என்றார்கள், தெரிந்தவர்களுக்கு இருந்தது. அவர்கள் நினைத்ததில் அனுபவம் இருந்தது. அதனால் நான் நின்று நிதானமாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். துணை படாத வேர், காயப் போடுவது, மலை, திங்கட்கிழமை எல்லாம்.

"சரிம்மா. நீங்க சொல்றீங்க," என்றார். புரிந்துகொண்டார் என்று நினைத்து நான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை நிலையத்து வாசலில் எனக்காகக் காத்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஈரச்சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டாக்டரம்மா. கோவப்படக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"நேத்து எங்க பங்காளி வூட்டுல காதுகுத்து. சேட்டுவும் எங்களுக்கு ஒறமொற. பாவம், போயிச் சாப்ட்டுட்டு வாடா, நான் காவல் இருக்கன்னு நான்தான் அனுப்பி வச்சன். அவன் போனதும் உள்ள போனன். மருந்துல கால நனைச்சிட்டுத்தாம்மா போனன்."

சாக்கைப் பார்த்தேன். "கத்தியோடயா?"

"கத்தி இல்லாம போயி என்னா பண்றது? ஆனா ஒரு துண்டுகூட எடுத்துக்கிட்டு வரல, சாமி சத்தியமா. வரிசைக்கு ஒரு தூரு, தூருக்கு ஒரு கழி. வெட்டி, கத்திய மட்டும் நனைச்சிக்கிட்டன். எதுல நல்ல துணை இருக்குதுன்னு எனக்கெங்க தெரியும், அதான் எல்லாத்துலயும். வெட்டுன கழிய அங்கயே அடுக்கி வச்சிட்டு வந்துட்டன். நீங்க இல்லன்னு சொன்னது மேல இருந்து சொல்லச் சொன்னது. அதுக்காவ உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல."

"இந்தக் கத்தியால கடைசியா எங்க வெட்டினீங்க?"

"எங்க வயல்லதான்."

என் மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. பதினொரு தூர். மண் எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது, காய்ந்த மண்ணில் துணையால் ஒரு சாண் நகர முடியாது. அந்தப் பதினொரு தூரைச் சுற்றிலும் ஆழமாக வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் பிழைக்கும். ஒவ்வொரு ரகத்திலும் பிழைக்கும். இன்றைக்கே வெட்டி மலைக்கு அனுப்பிவிடலாம். நான் ஓட ஆரம்பித்தேன். மண்வெட்டி, மண்வெட்டி என்று சேட்டுவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன்.

அண்ணன் பின்னாலேயே மூச்சிரைக்க வந்தார். "சும்மா எடுத்துக்கிட்டு வரல டாக்டரம்மா! கைமாறு செஞ்சிட்டுத்தான் வந்தன்!"

நின்றேன். "என்ன கைமாறு?"

"பயிரு காஞ்சி கெடந்துதே. வெட்டுக்குக் காயவுட்டிருக்காங்களோன்னு மொதல்ல நெனச்சன். வெட்டுக்கு யாரு அவ்ளோ காயவுடுவாங்க? செத்துக்கிட்டு இல்ல இருந்திச்சி. சர்க்கார் வேலை, லீவு நாளு, எவன் வந்து தண்ணி கட்டப்போறான். பாத்துட்டுச் சும்மா வர மனசாவல. நேத்து என் முறைத்தண்ணி. எனக்கு வேணாம்னு வரப்ப வெட்டி, முழுத் தண்ணியையும் உங்க பாத்திக்கே வுட்டுட்டன். சாயங்காலம் வரைக்கும் பாஞ்சிது. ஒரு மூல பாக்கி இல்ல."

"உங்க வயல் வழியாவா?"

"வேற எப்பிடி வரும்? எங்க வயலத் தாண்டித்தான உங்க வேலி."

மிச்ச தூரத்தை நடந்தேன். ஓடுவதற்கு ஒன்றும் இல்லை.

சேட்டு கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். சாப்பிட்டுவிட்டு வந்தபோது தண்ணீர் பாய்வதைப் பார்த்தானாம், தனகோட்டி அண்ணன் கட்டுகிற தண்ணீர் என்பதால் நான் சொல்லித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டானாம். அவனைத் திட்ட வாய் வரவில்லை.

பாத்தி முழுக்க ஈரம் மின்னியது. ஒரே ராத்திரியில் தோகை நிமிர்ந்து, சுருண்ட இலை விரிந்து, கரும்பு பளிச்சென்று நின்றது. அழகாக இருந்தது, சொல்லவே கூசுகிறது. பதினொரு கழிகள் வரப்பில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நான் நடு வரிசையில், அவர் கத்தி படாத ஒரு தூரிலிருந்து ஒரு கழியை வெட்டிச் சாற்றை மானியில் விட்டேன். வெள்ளிக்கிழமை இருந்த எண்ணில் பாதிகூட இல்லை. தண்ணீர் பாய்ந்ததால் இருக்கலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வெட்டுவாயை மோந்து பார்த்தேன். லேசாக, மிக லேசாக, அமோனியா. இன்னொரு வரிசை. அதிலும். கடைசி வரிசைவரை போனேன். போகாமலே தெரிந்திருந்தது.

இயக்குநருக்குப் போன் செய்து இரண்டு வாக்கியம் சொன்னேன். "எடுத்துடுங்க," என்றார் அவர். தோற்ற பாத்தியை அன்றே வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

தனகோட்டி அண்ணன் வரப்பில் நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பாத்தீங்களா, எப்பிடித் தெளிஞ்சிடிச்சி! ஒரு தண்ணிக்கு!" என்றார். பிறகு தயங்கி, சாக்கை நீட்டினார். "ராத்திரி பூரா ஈரம் மாத்தி மாத்தி வச்சிருந்தன். உங்கள ஒரு வார்த்த கேக்காம இந்தக் கத்திய எங்க வயல்ல வைக்கக் கூடாதுன்னுட்டு. வைக்கட்டுங்களா?"

கத்த வேண்டும் போலிருந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, நீ என்ன செய்திருக்கிறாய் தெரியுமா என்று ஊரே கேட்கக் கத்த வேண்டும். உண்மை வாய்வரை வந்தது. அந்த உண்மையை வேலியோரம் நின்று ஒரு தடவை முழுசாகச் சொல்லியாயிற்று. இப்போது சொன்னால் இந்தத் தடவை நம்பிவிடுவார். நம்பிவிட்டு அந்தக் காலி வீட்டுக்குத் திரும்பிப் போவார். அது எனக்குத் தாங்கவில்லை.

"வைங்கண்ணே," என்றேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சேட்டு கொண்டுவந்த மண்வெட்டியை வாங்கி முதல் வரிசையில் இறங்கினேன். எனக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. முதல் தூரில் ஏறுமாறாக வெட்டி இழுத்ததில் சேறு முகத்தில் தெறித்தது. இரண்டாவது தூரிலேயே மூச்சு வாங்கியது. அழுகிறேன் என்பது வாயில் வழிந்த சேறு உப்புக்கரித்தபோதுதான் தெரிந்தது.

"வேர அறுக்காதீங்கம்மா, அய்யய்ய. தள்ளுங்க."

அண்ணன் கத்திச் சாக்கை நிழல் பார்த்துப் பத்திரமாக வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒருத்தி வயலில் கஷ்டப்படும்போது கைகட்டி நிற்கிறவர் இல்லை அவர். மண்வெட்டியைச் சுற்றிலும் இறக்கி, அடியில் கொடுத்து நெம்பி, தாய்மண் உதிராமல் முழுத் தூரையும் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையால் தூக்கி வரப்பில் வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. வெயில் ஏறியதும் ஈரச்சாக்கு கொண்டுவரச் சொல்லிச் சேட்டுவை விரட்டினார். எடுத்த தூர்களின் வேர் வாடக் கூடாதென்று அவரே மூடினார். ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையும் முடிந்தது.

இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். அடுக்கி வைத்த தூர்களை ஒரு பார்வை பார்த்தார். திருப்தியாக இருந்தது போலும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"இதையெல்லாம் எங்கம்மா நடப்போறோம்?"